படவேட்டில் காப்பி பயிரிடலாமா?

திருவண்ணாமலை மாவட்டம் போளூர் வட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ள படவேடு, ரேணுகாம்பாள் அம்மன் கோயிலுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் பெயர் பெற்ற ஊராகும். மலையிலிருந்து இறங்கிவரும் கமண்டல நதியும், அதன் குறுக்கே கட்டப்பட்டுள்ள செண்பகத்தோப்பு அணையும் இப்பகுதிக்கு நீர் தருகின்றன. வாழைக்குப் பழகிய நிலம், கூப்பிடு தூரத்தில் மலை, குடிக்கும் காப்பித்தூளின் விலையோ ஆண்டுதோறும் ஏற்றம். இவற்றைச் சேர்த்துப் பார்க்கும் உழவருக்கு ஒரு கேள்வி எழுவது இயற்கையே. ஏற்காட்டில் விளைகிறது, கொல்லிமலையில் விளைகிறது, நம் மண்ணில் மட்டும் காப்பி ஏன் விளையக்கூடாது?

கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதிலைத் தெரிந்துகொள்ளாமல் கன்று வாங்கிவிடக் கூடாது. வாழையில் தவறு செய்தால் ஓராண்டில் தெரிந்துவிடும். அடுத்த ஆண்டு திருத்திக் கொள்ளலாம். காப்பியில் முதல் பழத்தைப் பார்க்கவே மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை போட்ட பணமும், கடனாக இருந்தால் அதன் வட்டியும், நிலத்திலேயே கிடக்கும். ஆகவே பதிலை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. படவேட்டுச் சமவெளியில் காப்பியை வருமானப் பயிராக வைக்க வேண்டாம். மேலே ஜமுனாமரத்தூர்ப் பக்கம் நிலம் வைத்திருப்போர், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, சிறு அளவில் வைத்துப் பார்க்கலாம். இதற்கான காரணங்களைக் கீழே காண்போம்.

காட்டு நிழலில் பிறந்த செடி

காப்பியின் தாயகம் ஆப்பிரிக்காவில் எத்தியோப்பிய நாட்டு மலைக்காடுகள். அங்கே பெரிய மரங்களின் அடியில், நேர் வெயில் படாத இடத்தில், குளிர்ந்த காற்றும் ஈரமும் உள்ள சூழலில் தானாக வளர்ந்த சிறு மரம் இது. செங்கடலைக் கடந்து ஏமன் நாட்டுக்குச் சென்று, அங்கேதான் முதன்முதலில் பெருமளவில் பயிரிடப்பட்டது. மோக்கா என்று காப்பிக் கடைகளில் இன்றும் சொல்லும் பெயர், ஏமன் நாட்டுத் துறைமுகம் ஒன்றின் பெயரே.

நம் நாட்டிற்குக் காப்பி வந்ததற்கு வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு ஒன்று உண்டு. சுமார் 1670-ஆம் ஆண்டில் மெக்காவுக்கு யாத்திரை சென்று திரும்பிய பாபா புடன் என்னும் பெரியவர், ஏமனிலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து கர்நாடகத்தில் சிக்மகளூர் அருகே உள்ள மலையில் விதைத்தார் என்பர். அம்மலைத் தொடர் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. நம் தமிழகத்தில் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டு வந்தவர், 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஆவார். அவருக்குப் பின் ஏற்காடு தோட்ட நகரமாகவே வளர்ந்துவிட்டது.

காப்பி நம் உழவர்களுக்கு முற்றிலும் அந்நியமான குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. வேலி ஓரங்களில் தானாக முளைக்கும் நுணா மரமும், பூசைக்குப் பறிக்கும் வெட்சியும் காப்பியின் உறவுகளே. இலைகள் எதிரெதிராக அமைந்திருப்பதையும், பூவின் அமைப்பையும் பார்த்தால் உறவு விளங்கும். காப்பிப் பூ மல்லிகையைப் போல வெண்மையாகவும் மணமாகவும் இருக்கும். பழம் பழுத்தால் சிவக்கும். ஒவ்வொரு பழத்திலும் தட்டையான முகங்கள் ஒன்றையொன்று நோக்கியபடி இரண்டு விதைகள் இருக்கும். சில பழங்களில் ஒன்றுமட்டும் வளர்ந்து உருண்டையாகிவிடும். கடைகளில் 'பீபெரி' என்று தனி விலை சொல்லி விற்பது இந்த ஒற்றை விதையைத்தான். அது வேறு இனம் என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்படியல்ல, ஒரே செடியில் இரண்டும் காய்க்கும்.

சிக்கரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிக்கரி காப்பியின் மட்டரகம் அல்ல. அது வேறொரு செடியின் கிழங்கு போன்ற வேர். காயவைத்து வறுத்துத் தூளாக்கிக் காப்பித்தூளுடன் கலக்கிறார்கள். குஜராத், உத்தரப் பிரதேச மாநிலங்களில் விளைகிறது. பாக்கெட்டில் எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்க வேண்டும்.

அராபிகாவும் ரொபஸ்டாவும்

பயிரிடப்படும் காப்பியில் முக்கியமானவை இரண்டு. அராபிகா மணமும் சுவையும் மிகுந்தது. விலையும் பொதுவாகக் கூடுதல். கடல் மட்டத்திலிருந்து 1000 முதல் 1500 மீட்டர் உயரம், 15 முதல் 25 டிகிரி செல்சியசு வெப்பம், ஆண்டுக்கு 1600 முதல் 2500 மி.மீ. மழை ஆகியவை இதற்கு உகந்தவை. ரொபஸ்டா 500 முதல் 1000 மீட்டர் உயரத்தில், சற்றுக் கூடுதலான வெப்பத்தையும் தாங்கி வளரும். கசப்பும் கஃபீனும் அதிகம்; அராபிகாவில் கஃபீன் ஏறத்தாழ 1.2 சதவீதம் என்றால் ரொபஸ்டாவில் அது 2.2 சதவீதம் அளவுக்கு இருக்கும். இலைத்துரு நோயையும் தண்டுத் துளைப்பானையும் ரொபஸ்டா பெருமளவு தாங்கி நிற்கும்.

இந்தியாவில் விளையும் காப்பியில் ஏறக்குறைய எழுபது சதவீதம் ரொபஸ்டாதான். கர்நாடகமும் கேரளத்தின் வயநாடும் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன. தமிழகத்தில் நிலைமை மாறானது. பழனி மலை, சேர்வராயன் மலை போன்றவற்றில் அராபிகாவே மிகுதி.

அராபிகா தன் பூந்தாதினாலேயே சூல் கொள்ளும். ரொபஸ்டாவுக்கு வேறு செடியின் பூந்தாது வேண்டும். ஆகவே ரொபஸ்டாவை வீட்டுக்கொல்லையில் ஒற்றைச் செடியாக வைத்துக்கொண்டு காய்க்கவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை.

உயரக் கணக்கு

இப்போது நம் பகுதிக்கு வருவோம். மலை ஏற ஏற வெப்பம் குறையும். ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய ஆறு டிகிரி என்பது பொதுக் கணக்கு. படவேடு கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் தாழ்ந்த இடம். கத்திரி வெயில் காலத்தில் இங்கு நாற்பது டிகிரி அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜவ்வாது மலைமேல், வானாய்வுக்கூடம் அமைந்துள்ள காவலூரின் உயரம் 725 மீட்டர். அங்கே அன்று முப்பத்தேழு டிகிரி அளவில் இருக்கும். 1500 மீட்டர் உயரத்து ஏற்காட்டிலோ முப்பத்திரண்டு, முப்பத்து மூன்றைத் தாண்டாது. அராபிகாவுக்கு வேண்டியது இருபத்தைந்து. ஏற்காட்டில் நிழல் மரங்கள் மீதிக் குறையை நிரப்பிவிடும். படவேட்டில் எத்தனை மரம் வைத்தாலும் நாற்பதை இருபத்தைந்தாக்க முடியாது.

சமவெளியில் வைத்த காப்பிச் செடி செத்துவிடும் என்று இதற்குப் பொருளல்ல. வாழை நிழலில் தண்ணீர் காட்டி வளர்த்தால் இலை பச்சைப் பசேலென்று இருக்கும், பூக்கவும் செய்யலாம். உழவர்கள் ஏமாறுவது இங்கேதான். வெயில் மிகுந்தால் மொட்டுகள் மலராமல் பச்சையாக விறைத்து, நட்சத்திரம் போல் விரிந்து உதிர்ந்துவிடும். பிடித்த காய்களும் அவசர அவசரமாகப் பழுக்கும். உள்ளே விதை நிரம்பாது. கன்று விற்பவர் காட்டும் செழுமையான இலையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதை வற்புறுத்திக் கூற வேண்டியுள்ளது. காப்பிக்கு விலை கிடைப்பது இலையில் அல்ல.

தென்னந்தோப்பு வைத்திருந்து, நிழலில் ஊடுபயிர் வேண்டும் என்று விரும்புவோர் கோகோவைப் பற்றி விசாரிக்கலாம். பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதிகளில் தென்னைக்கு இடையே அது பயிரிடப்படுகிறது. அதற்கும் கோடையில் தவறாமல் நீர் வேண்டும். தோட்டக்கலைத் துறையினரிடம் மண்ணையும் நீரையும் காட்டிக் கேட்ட பிறகே இறங்க வேண்டும்.

மலைமேல் உள்ள சிக்கல்

ஜவ்வாது மலை சாமைக்கும், பலாவுக்கும், புளிக்கும், தேனுக்கும் பெயர் பெற்றது. மேட்டு நிலத்தின் பெரும்பகுதி 700, 800 மீட்டர் உயரத்தில் உள்ளது. முகடுகள் சில ஆயிரத்தைத் தொடும். சற்றுக் கடக்கவும் செய்யும். உயரத்தை மட்டும் பார்த்தால், இது ரொபஸ்டாவுக்கு உரிய மட்டம்.

மழையைப் பார்த்தால் கதை மாறுகிறது. நம் மாவட்டத்துச் சராசரி மழை ஆண்டுக்கு ஆயிரம் மி.மீ. என்ற அளவைச் சுற்றியே உள்ளது. ரொபஸ்டாவின் வேர்கள் மேல் மண்ணிலேயே பரவி நிற்பவை. நீண்ட வறட்சியைத் தாங்கா. அராபிகாவின் வேர் ஆழமாகச் செல்லும். வறட்சியைச் சற்றுத் தாங்கும். உயரம் ரொபஸ்டாவை வை என்கிறது. மழை அராபிகாவை வை என்கிறது. அராபிகாவைத் தாழ்ந்த, வெப்பமான இடத்தில் வைத்தால் இலைத்துருவும் தண்டுத் துளைப்பானும் வந்து சேரும். ரொபஸ்டாவை வைத்தால் கோடையில் நீர் இறைக்க வேண்டும். கிணறு வற்றாத நிலத்தைத் தவிர மற்ற இடங்களில் ஜவ்வாது மலையில் காப்பியைப் பற்றி எண்ணாமல் இருப்பதே மேல் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

எனினும் முற்றிலும் வழியில்லை என்று தள்ளிவிடவும் முடியாது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் வேறொரு பகுதியான ஆந்திர மாநிலத்து அரக்குப் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில், பழங்குடி மக்கள் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் என்ற சிறு நிலங்களில் அராபிகாவைச் சில்வர் ஓக் மர நிழலிலும் மிளகுக் கொடிகளுடனும் வளர்த்து வருகின்றனர். 2019-இல் அரக்குக் காப்பிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நமக்கு அருகிலேயே கொல்லிமலையில் சிறு உழவர்கள் காப்பியையும் மிளகையும் சேர்த்தே பயிரிடுகிறார்கள். ஆனால் அந்த இடங்கள் ஜவ்வாது மேட்டு நிலத்தைவிட இருநூறு, முந்நூறு மீட்டர் உயர்ந்தவை, மழையும் கூடுதல் என்பதை மறந்துவிடலாகாது.

இலங்கை கற்ற பாடம்

இலைத்துரு நோய் என்ன செய்யும் என்பதற்கு நம் முன்னோர் வாழ்விலேயே சான்று உண்டு. தமிழ் மாவட்டங்களிலிருந்து கூலி வேலைக்காக இலங்கைக்குச் சென்றவர்கள் முதலில் வேலை செய்தது தேயிலைத் தோட்டங்களில் அல்ல, காப்பித் தோட்டங்களில்தான். பழம் பறிக்கும் பருவத்திற்குச் சென்று, முடிந்ததும் ஊர் திரும்புவார்கள். 1870-களில் அங்கே இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் காப்பி இருந்தது. 1869-இல் இலைகளின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறத் தூள் ஒன்று தென்பட்டது. முதலில் யாரும் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. சுமார் இருபது ஆண்டுகளில் காப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலைக்கு இடம் விட்டன. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் தேயிலை வந்த பின்னரே தோட்டத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு அங்கே நிலைத்துத் தங்கும் நிலை பரவலாயிற்று. ஒரு பூசணம் ஒரு மக்கள் கூட்டத்தின் இருப்பிடத்தையே மாற்றிவிட்டது எனலாம். 1880-இல் அங்கு ஆராய அனுப்பப்பட்ட மார்ஷல் வார்டு என்னும் அறிஞர், காற்றில் பரவும் இந்நோய்க்கு, இடைவெளியின்றி ஒரே பயிரைப் பரப்பியதே வசதியாயிற்று என்று காட்டினார்.

அன்று அவர்களிடம் மருந்து இல்லை. இன்று போர்டோக் கலவை இருக்கிறது. அரை சதவீதக் கலவைக்கு 500 கிராம் மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், 500 கிராம் நீறாத சுட்ட சுண்ணாம்பை வேறு 50 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைக்க வேண்டும். பின் இரண்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. மண், மரம் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது. துடைத்த கத்தி ஒன்றைக் கலவையில் சிறிது நேரம் நனைத்தெடுத்துப் பார்க்க, அதன்மேல் செந்நிறப் படிவு காணப்பட்டால் இன்னும் சுண்ணாம்புத் தெளிவு சேர்க்க வேண்டும் என்று பொருள். தென்மேற்குப் பருவமழைக்கு முன்பும் பின்பும் தெளிக்க வேண்டும். நோய் இலையின் அடிப்பக்கத்தில்தான் நுழைகிறது. ஆதலால் மேலே மட்டும் நனைத்துவிட்டு வருவது கூலிக்குக் கேடு.

நோயைத் தாங்கும் இனத்தைத் தேர்ந்தெடுப்பது இன்னும் முக்கியம். 1940-களில் வெளியிடப்பட்ட எஸ்.795 இன்றும் பல தோட்டங்களில் உள்ளது. சுவையில் நல்ல பெயர் பெற்றது. ஆனால் அதன் துரு எதிர்ப்புத் தன்மை காலப்போக்கில் குறைந்துவிட்டது. 1985-இல் வந்த காவேரி, 2007-இல் வந்த சந்திரகிரி ஆகியவை குட்டை இனங்கள். ரொபஸ்டாவில் எஸ்.274, சி.எக்ஸ்.ஆர். ஆகியவை பயிரிடப்படுகின்றன. விதைகளைக் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையங்களில் பெற வேண்டும். பழனி மலையில் தாண்டிக்குடியில் அத்தகைய நிலையம் ஒன்று உண்டு. காப்பி விதை முளைப்புத் திறனை விரைவில் இழக்கும். போன ஆண்டு விதை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வெள்ளைத் தண்டுத் துளைப்பான்

அராபிகாவின் முதல் எதிரி இதுவே. வண்டு கறுப்பு நிறம். இறக்கையின்மேல் வெள்ளைக் கோடுகள் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களிலும், பின்னர் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வெளிவந்து, வெயில் படும் தண்டுகளின் பட்டை இடுக்குகளில் முட்டையிடும். புழு உள்ளே குடைந்து பல மாதங்கள் வாழும். வெளியில் தெரியும் அடையாளம் தண்டின்மேல் வரிவரியாகப் புடைத்திருக்கும் மேடுகளும், பழுப்பேறித் தொங்கும் இலைகளுமே. அதைக் காணும்போது செடியைக் காப்பாற்றும் காலம் கடந்திருக்கும்.

வண்டு வெளிவரும் பருவத்திற்கு முன்பே, அதாவது மார்ச்சிலும் செப்டம்பரிலும், செடி செடியாகப் பார்த்துத் தாக்கப்பட்டவற்றைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். விறகுக்கென்று வீட்டோரம் அடுக்கி வைத்தால் வண்டு அங்கிருந்தே தோட்டத்துக்குத் திரும்பும். நல்ல செடிகளின் முதன்மைத் தண்டை, தேங்காய் நார்க் கையுறையால் தேய்த்துத் தளர்ந்த பட்டையை நீக்கினால் முட்டையிட இடுக்கு இராது. பத்து சதவீதச் சுண்ணாம்புக் கரைசலைத் தண்டில் பூசுவதும் வழக்கம். இவை அனைத்தையும்விட நல்ல மருந்து நிழலே. நிழல் குறைந்த தோட்டத்தில் துளைப்பான் பெருகும்.

காய்த் துளைப்பான் என்னும் மிகச்சிறு வண்டு 1990-இல் நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் முதன்முதலாக நம் நாட்டில் காணப்பட்டது. அது இல்லாத இடத்துக்கு அதைக் கொண்டு செல்வது பெரும்பாலும் பழைய சாக்குகளே. மற்ற தோட்டங்களிலிருந்து சாக்கு வாங்கும் பழக்கம் வேண்டாம். தரையில் சிந்திய பழத்தையும், செடியில் தங்கிய கடைசிக் காய்களையும் விட்டுவைக்கக் கூடாது.

நடவும் வளர்ப்பும்

மண் ஆழமாகவும், வடிகால் உள்ளதாகவும், மக்கு நிறைந்ததாகவும் இருக்க வேண்டும். கார அமில நிலை 6.0 முதல் 6.5 வரை இருப்பது நன்று. விதையை டிசம்பர், ஜனவரியில் மேட்டுப்பாத்தியில் இட்டு வைக்கோலால் மூடி நீர் தெளித்தால் ஒன்றரை மாதத்தில் முளைக்கும். முளைத்த நாற்றைப் பாலித்தீன் பைக்கு மாற்றிப் பந்தல் நிழலில் வளர்க்க வேண்டும்.

நிழல் மரத்தை முதலில் நட்டு, அது கிளைத்த பின்னரே காப்பியை நட வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் முதல் கோடையிலேயே கன்றுகள் கருகும். விரைவில் நிழல் தருவதற்குக் கல்யாண முருங்கைப் போத்துகள் ஏற்றவை. நிலையான நிழலுக்கு நம் மலையில் ஏற்கெனவே உள்ள பலா மரங்களே போதும். அவற்றை வெட்டிவிட்டுச் சில்வர் ஓக் தேடி அலைய வேண்டியதில்லை. நிழல் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றினால், காப்பி காய்க்காத ஆண்டுகளில் ஓரளவு கைக்கு உதவும். பிரேசில் நாட்டில் திறந்த வெளியில் காப்பி பயிரிடுகிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அங்குள்ள வெயில் வேறு, இங்குள்ள வெயில் வேறு.

குட்டை இனமல்லாத அராபிகாவை ஆறடிக்கு ஆறடியிலும், ரொபஸ்டாவைப் பத்தடிக்குப் பத்தடியிலும், ஒன்றரை அடி அளவுள்ள குழிகளில் தொழு உரமும் மேல்மண்ணும் இட்டு நட வேண்டும். சரிவான நிலத்தில் சமமட்டக் கோட்டில் நடுவது கட்டாயம். காட்டு இலைச் சருகைச் செடியடியில் மூடாக்காகப் பரப்பினால் கோடையில் பாதிப் பாரம் குறையும். அராபிகாச் செடி இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டு, பின்னர் நான்கரை முதல் ஐந்தடி உயரத்தில் நிறுத்த வேண்டும். நேராக மேலெழும் வீண் கொழுந்துகளை அவ்வப்போது ஒடித்துவிட வேண்டும். முந்தைய ஆண்டு வளர்ந்த கிளையில்தான் காப்பி காய்க்கும். ஒருமுறை காய்த்த கணுவில் மீண்டும் காய்ப்பதில்லை. இதை மனத்திற்கொண்டால் கவாத்து ஏன் செய்கிறோம் என்பது விளங்கும். உரத்தை மண் பரிசோதனைப்படி, பூப்பதற்கு முன்பும் பின்பும், மழைக்குப் பின்பும் எனப் பிரித்திட வேண்டும்.

பூக்க வைக்கும் மழை

காப்பியின் மொட்டுகள் உருவானபின் உறங்கிக் கிடக்கும். மார்ச், ஏப்ரலில் ஓரங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை ஒரு நல்ல மழை பெய்தால் விழித்துக்கொண்டு ஒன்பது, பத்து நாளில் ஒரே சமயத்தில் தோட்டம் முழுவதும் பூத்துவிடும். பார்க்க அழகாயிருக்கும், மூன்று நான்கு நாளில் முடிந்துவிடும். அதன்பின் ஏறத்தாழ மூன்று வாரத்துக்குள் இரண்டாவது மழை ஒன்று வர வேண்டும். இல்லையேல் பிஞ்சுகள் உதிரும். முதல் மழை போதிய அளவு பெய்யாமல் தூறலாக நின்றாலும் கேடுதான். மொட்டுகள் அரைகுறையாக விழித்துக் கெட்டுவிடும்.

சேர்வராயன் மலையில் இந்த மழையை எதிர்பார்க்கலாம். ஜவ்வாது மலையில் நம்பி இருக்க முடியாது. பூக்கும் பருவத்தில் இரண்டுமுறை தெளிப்பு நீர் பாய்ச்சும் அளவுக்குக் கிணற்றில் தண்ணீர் இருக்குமா என்பதைக் கடந்த சில கோடைகளை நினைவில் கொண்டு உழவரே சொல்ல முடியும். மற்றவர் சொல்ல வேண்டியதில்லை.

அறுவடையும் உலர்த்தலும்

அராபிகா பூத்த எட்டு, ஒன்பது மாதத்தில் பழுக்கும். ரொபஸ்டாவுக்குப் பத்து, பதினொரு மாதம் ஆகும். நன்கு சிவந்த பழத்தை மட்டும் பறிக்க வேண்டும். பச்சைக் காய் கலந்தால் முழுச் சரக்கின் சுவையும் கெடும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஆறடி இடைவெளியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 1200 செடிகள் கொள்ளும். செடிக்கு ஒரு கிலோ பழம் கிடைத்தால் 1200 கிலோ. ஏறக்குறைய ஆறு கிலோ பழத்திலிருந்து ஒரு கிலோ சுத்தமான கொட்டைதான் கிடைக்கும். அதாவது ஏக்கருக்கு 200 கிலோ. இது நம் நாட்டு அராபிகாவின் சராசரி விளைச்சலை ஒட்டிய அளவே. ஜவ்வாது மலையில் இதற்கு மேல் எதிர்பார்த்துக் கடன் வாங்கக் கூடாது. அன்றைய விலையால் 200-ஐப் பெருக்கி, பறிகூலியையும் நீர்ச் செலவையும் கழித்து, அதே நிலம் இப்போது சாமையிலும் பலாவிலும் தருவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முன்பு விளைந்த காப்பி அனைத்தும் காப்பி வாரியத்தின் பொதுச் சேமிப்புக்குச் சென்று, அங்கிருந்தே விற்பனையாயிற்று. 1990-களில் அது படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 1996-இலிருந்து உழவர் தம் விருப்பம்போல் விற்கலாம் என்றாயிற்று. இன்று உள்ளூர் வியாபாரி சொல்லும் விலை, அராபிகாவுக்கு நியூயார்க் சந்தையையும் ரொபஸ்டாவுக்கு இலண்டன் சந்தையையும் ஒட்டி ஏறி இறங்குகிறது. பிரேசிலில் உறைபனி விழுந்தால் இங்கே விலை ஏறும். அங்கே நல்ல விளைச்சல் என்றால் இங்கே இறங்கும். இந்த ஆண்டு விலையைப் பார்த்து நட்ட செடி, நான்காண்டு கழித்து வேறொரு விலையில் காய்க்கும்.

பறித்த பழத்தை அன்றே நீரில் கொட்டி, மிதப்பவற்றை நீக்கி, கைப் பல்ப்பரில் தோல் உரித்து, விதையைத் தொட்டியில் ஒரு நாள் முதல் ஒன்றரை நாள் வரை புளிக்கவிட வேண்டும். கையில் அள்ளித் தேய்க்கும்போது வழுவழுப்பு நீங்கிக் கரகரப்பாக இருந்தால் பதம் சரி. பின் நன்கு கழுவி உலர்த்த வேண்டும். இது 'பார்ச்மென்ட்' முறை. பல்ப்பர் இல்லாதோர் பழத்தை அப்படியே வெயிலில் காயவைக்கலாம். இதைச் 'செர்ரி' என்பர். விலை சற்றுக் குறைவு, வேலையும் குறைவு.

ஜவ்வாது மலையில் இதில் ஓர் இடர் உண்டு. பழம் பழுக்கும் நவம்பர், டிசம்பர் மாதங்களே வடகிழக்குப் பருவமழைக் காலமும் ஆகும். மண் தரையில் கொட்டிய காப்பி மழையில் நனைந்து பூசணம் பிடித்தால், அந்த நாற்றம் வறுத்தாலும் போகாது. இடுப்பு உயரத்தில் மூங்கில் தட்டிகளின்மேல் கம்பி வலையோ சாக்கோ விரித்து, மேலே இழுத்து மூடக்கூடிய பாலித்தீன் கூரையுடன் உலர்த்துவதே தக்கது. பார்ச்மென்ட் பத்து சதவீத ஈரத்திற்கும், செர்ரி பதினொரு சதவீதத்திற்கும் காய வேண்டும். காய்ந்த மூட்டையை மரச் சட்டத்தின்மேல் அடுக்க வேண்டும். காப்பி பிற மணங்களை எளிதில் இழுத்துக்கொள்ளும். உரம், பூச்சிமருந்து, மண்ணெண்ணெய் இருக்கும் அறையில் வைக்கக் கூடாது.

புளிக்கவைத்துக் கழுவிய நீரைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை. அது புளிப்பேறிய, அழுகும் பொருள் நிறைந்த நீர். ஓடையில் விட்டால் நீரிலுள்ள மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். ஜவ்வாது மலையின் ஓடைகள் பல கமண்டல நதியில்தான் சேர்கின்றன. அந்த நீரே படவேட்டின் வாழைக்கும் மாட்டுக்கும் வருகிறது. மேலே உள்ளவர் தோட்டத்தின் ஓரத்தில் குழிவெட்டி, அதில் சுண்ணாம்பு இட்டுத் தேக்கிவைக்க வேண்டும். தோலைச் சாணத்துடன் அடுக்கி மக்கவைத்தால் நல்ல உரமாகும்.

வைத்துப் பார்க்க விரும்புவோர்

மலைமேல் பட்டா நிலமும், கோடையில் வற்றாத கிணறும், வளர்ந்த பலா மர நிழலும் உள்ளவர்கள் முதலில் இருபத்தைந்து செடிகளுடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். காப்புக் காட்டு எல்லைக்குள் கை வைக்கலாகாது. பாதி சந்திரகிரியும் பாதி ரொபஸ்டாவுமாக, கிழக்கு அல்லது வடக்கு நோக்கிய சரிவில் நடலாம். மூன்று கோடைகள் கடக்கட்டும். ஒவ்வொரு மே மாதமும் எத்தனை செடி இலை உதிர்த்தது, எத்தனைமுறை நீர் விட்டோம், எத்தனை மொட்டு மலராமல் விறைத்தது என்று நோட்டில் குறித்து வர வேண்டும். நான்காம் ஆண்டில் பழுத்த பழத்தில் நூறு எடுத்து நீரில் போட்டு, எத்தனை மிதக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நூற்றில் கால் பங்குக்குமேல் மிதந்தால் விதை நிரம்பவில்லை என்று பொருள். அந்த இடத்தில் மேற்கொண்டு நடவேண்டாம். அந்த நோட்டை ஏற்காட்டிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திற்கு எடுத்துச் சென்று காட்டினால், அடுத்து எத்தனை செடி வைக்கலாம், எந்த இனம் வைக்கலாம் என்பதைப் பார்த்துச் சொல்வார்கள்.